சிடுசிடுப்புக்கு எதிர்ச்சொல் என்ன?

(வேங்கிக்காலில் கூட்டமைப்பு உறுப்பினர்களுக்கு நடந்த ஒருநாள் பயிற்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)



காலையிலிருந்து ரொக்கப் புத்தகம், பொதுப்பேரேடு, தீர்மான நோட்டு என்று பேசிப் பேசி எல்லாருக்கும் கண் சொருகுது. சாப்பாடு வேற ஆயிடுச்சு. அதனால இந்த ஒரு மணி நேரம் கணக்கு இல்லை. சொல்லைப் பற்றி மட்டும் பேசலாம்னு இருக்கோம். ஆனா அதுவும் கடைசியில கணக்கிலதான் போய் நிக்கும். அதை இப்பவே சொல்லிடறோம்.

முதல்ல ஒரு சின்ன வேலை கொடுத்தோம். எரிச்சலா, கோபமா பேசறதுக்கு நம்ம பேச்சுல என்னென்ன வார்த்தை இருக்கு, ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்கன்னோம். கரும்பலகையில இடம் பத்தலை. சிடுசிடு, கடுகடு, வெடுக்குன்னு, சுருக்குன்னு, சுள்ளுன்னு, வள்ளுன்னு, எரிஞ்சு விழறது, கடிச்சுக் குதர்றது, எடுத்தெறிஞ்சு பேசறது, மூஞ்சில அடிச்ச மாதிரி, மூஞ்சில கடுகு வெடிக்குது... அஞ்சே நிமிஷத்துல இத்தனையும் வந்துச்சு. சரி, இதுக்கெல்லாம் எதிர்ச்சொல் சொல்லுங்கன்னோம். "இனிமை"ன்னு ஒரு அக்கா சொன்னாங்க. அப்புறம் சத்தமே இல்லை. பின்வரிசையிலிருந்து "சும்மா இருக்கறது"ன்னு ஒரு குரல். எல்லாரும் சிரிச்சீங்க.

தமிழ்ல அந்தப் பக்கத்து வார்த்தைகள் குறைவுன்னு நினைக்க வேண்டாம். இந்தப் பக்கத்தைவிட அதிகமாகவே இருக்கு. நாம எடுத்துப் புழங்கறது இல்லை, அவ்வளவுதான். பித்தளைக் குடத்தைப் பரண்ல போட்டுட்டு பிளாஸ்டிக் குடத்தைத் தூக்கற மாதிரி.

புளிப்புக்கு எதிர் எது? நாக்குக்கு என்றால் இனிப்பு. ஆனா மனுஷங்க குணத்துக்கு நம்ம ஆளுங்க வேற ஒரு வார்த்தை வெச்சிருக்காங்க. கனிவு. கனி என்ற சொல்லிலிருந்து வந்தது. ஜவ்வாதுமலைப் பக்கத்து உறுப்பினர்கள் இங்கே நிறைய பேர் வந்திருக்கீங்க. புளியைப் பற்றி உங்களுக்கு நாங்க சொல்ல வேண்டியது இல்லை. பிஞ்சுப் புளியங்காயில ஓடும் சதையும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கும், பிரிக்க முடியாது. பழுத்த பிறகு உள்ளே பழம் தனி, ஓடு தனி. லேசா அழுத்தினா ஓடு நொறுங்கி விழுந்துடும். பழத்துல புளிப்பு போயிடுதா? போகலை. அதே புளிதான். ஆனா அதோட கொஞ்சம் இனிப்பும் சேர்ந்து வருது. கனிவுன்னா அதுதான். காரம், புளிப்பு எல்லாம் உள்ளே இருக்கலாம், பக்குவப்பட்டு வெளியே வரணும். கோபமே வராதவங்கதான் கனிவானவங்கன்னு யாரும் பயப்பட வேண்டாம். அப்படிப் பார்த்தா இந்த ஹாலில் ஒருத்தரும் தேற மாட்டோம்.

இன்னொரு கூட்டம் வார்த்தைகள் தண்ணியிலிருந்து வந்தது. "நெஞ்சுல ஈரம் இருக்கா?"ன்னு கேக்கறோம். "மனசு குளிர்ந்து போச்சு"ன்னு சொல்றோம். "கோபம் தணிஞ்சுது"ங்கறோம். தண் என்றால் குளிர்ச்சி. தண்ணீரில் இருப்பதும் அந்தத் தண்தான். குளிர் நாட்டுக்காரங்க அன்பான வரவேற்பைச் சூடான வரவேற்புன்னு சொல்வாங்க, அவங்களுக்கு அடுப்புப் பக்கம் உட்கார்றது சுகம். சித்திரை வெயில்ல திருவண்ணாமலை ரோட்டுல நடந்து பார்த்தவங்களுக்கு நிழலும் ஈரமும்தான் சுகம். சூடுன்னா நமக்குச் சண்டை. "சூடா நாலு வார்த்தை கேட்டேன்"னு சொன்னா அன்பா பேசினாங்கன்னு யாராவது எடுத்துக்குவாங்களா?

சமையல்கட்டிலிருந்து வந்தது இன்னும் சில. பதமா பேசு, பக்குவமா எடுத்துச் சொல்லு. பாகு காய்ச்சற எல்லாருக்கும் பதம் தெரியும். கொஞ்சம் முன்னாடி இறக்கினா உருண்டை பிடிக்காது, கொஞ்சம் விட்டா கல்லாயிடும். சொல்லுக்கும் நேரம் உண்டுன்னு நம்ம பாட்டிங்க இதை வெச்சுத்தான் சொல்லிக் கொடுத்திருக்காங்க. இது தவிர நயமா, இதமா, தன்மையா, நிதானமா, அனுசரணையா, இணக்கமா. ஒவ்வொண்ணும் ஒரே அர்த்தம் இல்லை. தன்மையான ஆளுன்னா எப்பவும் அப்படிப் பேசற ஆளு. நயமா பேசறதுன்னா காரியம் ஆகற மாதிரி பேசறது, அதுல கொஞ்சம் சாமர்த்தியமும் கலந்திருக்கு. இதமா பேசறது நொந்து போனவங்ககிட்ட. கணவரை இழந்து பதினாறாம் நாள் முடிஞ்சு கூட்டத்துக்கு வர்ற உறுப்பினர்கிட்ட நயம் வேண்டாம், இதம்தான் வேணும்.

திருவள்ளுவர் இதுக்குன்னே ஒரு அதிகாரம் வெச்சிருக்கார். இனியவை கூறல். பத்தாவது அதிகாரம், 91 முதல் 100 வரை பத்து குறள். பிள்ளைங்க பாடப் புத்தகத்துல இருக்கும், வீட்டுக்குப் போய்ப் புரட்டிப் பாருங்க. அது எங்கே இருக்குன்னு கவனிக்கணும். துறவிகளுக்குச் சொல்ற இடத்துல இல்லை. குடும்பம் நடத்தறவங்களுக்கான இல்லறவியல்ல, விருந்தோம்பலுக்கு அடுத்து இருக்கு. சோறு போட்டா மட்டும் போதாது, போடும்போது முகமும் வாயும் எப்படி இருக்குன்னு பார்க்கறார். மலர்ந்த முகத்தோட இனிமையா பேசறது, மனசு மகிழ்ந்து கொடுக்கறதைவிடவே நல்லதுன்னு அந்த அதிகாரத்துல சொல்றார். கையில காசில்லாத நமக்கு இது பெரிய ஆறுதல். கடைசிக் குறள்ல கனியும் காயும் வருது. இனிய சொல் இருக்கும்போது கடுஞ்சொல்லை எடுக்கறவங்க, பழத்தை வெச்சுக்கிட்டே காயைத் தின்னறவங்க மாதிரின்னு. புளியங்காய் பல் கூசும், தெரிஞ்சதுதானே.

இன்னொரு குறள்ல பணிவும் இன்சொல்லும்தான் ஒருத்தருக்கு நகை, மற்றதெல்லாம் நகையே இல்லைங்கறார். நம்மில் பலரோட மற்ற நகை இப்போ வங்கி லாக்கரில் இருக்கு, அதுவும் நம்ம லாக்கர் இல்லை. (இதுக்கு இவ்வளவு சிரிப்பு வரும்னு எதிர்பார்க்கலை.)

ஆனா முதல் குறளை விட்டுடக் கூடாது. இன்சொல்லுன்னா என்னன்னு அங்கேதான் அவர் வரையறுக்கறார். அதுல ஈரம் இருக்கணும், வஞ்சனை இருக்கக் கூடாது. ரெண்டும் சேர்ந்தாத்தான் இன்சொல். ரெண்டாவது இல்லாம முதலாவது மாதிரி நடிச்சா என்ன பேரு? நம்ம ஊர்ல பேர் இருக்கு: வாய் சர்க்கரை, கை கருணைக்கிழங்கு. கருணைக்கிழங்கு அரிப்பு எடுக்கும். புளி சேர்த்து வேக வெச்சாத்தான் அடங்கும். அங்கே பாருங்க, புளிப்பும் ஒரு இடத்துல தேவைப்படுது.

இந்தச் சர்க்கரை வாய்க்கு நம்ம தெருவுலயே உதாரணம் உண்டு. வாராந்திரக் கடன் கொடுக்க வர்றப்போ எப்படிப் பேசறாங்க? "அக்கா, ஆதார் மட்டும் கொடுங்கக்கா, மத்ததை நாங்க பாத்துக்கறோம்." "உங்களை நம்பாம யாரை நம்பறது." குழுக் கூட்டத்துல நாம இவ்வளவு அன்பா கடன் கொடுக்கறது இல்லை. நோட்டைப் புரட்டறோம், வருகைப் பதிவைப் பார்க்கறோம், நாலு கேள்வி கேக்கறோம். அதனாலேயே நம்ம கூட்டம் புளிப்பாவும் அங்கே இனிப்பாவும் தெரியுது. பத்தாவது வாரம் அதே வாய் எப்படிப் பேசுதுன்னு, கட்ட முடியாமப் போனவங்களைக் கேட்டுப் பாருங்க.

இங்கே ஒரு நடந்த விஷயத்தைச் சொல்றோம். பேர் வேண்டாம், ஊரும் வேண்டாம். நம்ம மாவட்டத்துலதான். ஒரு உறுப்பினர் குழுவுல உள்கடன் வாங்கிக் கறவை மாடு வாங்கினாங்க. முதல் எட்டு மாசம் ஒழுங்காக் கட்டினாங்க. மாட்டுக்குக் கோமாரி வந்துச்சு, பால் நின்னுச்சு. ரெண்டு தவணை விட்டுப் போச்சு. மூணாவது கூட்டத்துல ஒரு அம்மா, "வாங்கறப்போ இனிச்சுது, கட்டறப்போ கசக்குதா?"ன்னு கேட்டாங்க. கேட்டவங்க கெட்டவங்க இல்லை. அவங்க வீட்டுலயும் அன்னிக்கு என்ன பிரச்சினையோ. சுத்தி இருந்தவங்க சிரிச்சுட்டாங்க. அந்தச் சிரிப்புத்தான் குத்திடுச்சு.

அடுத்த கூட்டத்துக்கு முன்னாடியே அந்த உறுப்பினர் மூணு தவணையையும் மொத்தமாக் கட்டிட்டாங்க. குழுவுல எல்லாருக்கும் சந்தோஷம். நாலு வார்த்தை கேட்டாத்தான் கட்டறாங்கன்னு ஒரு பாடமும் படிச்சுக்கிட்டாங்க. பணம் எங்கிருந்து வந்ததுன்னு யாரும் கேக்கலை. வாராந்திரக் கடன் வாங்கிக் கட்டியிருந்தாங்க. அப்புறம் வாரத்துக்கு ஒரு தவணை அங்கே, மாசத்துக்கு ஒரு தவணை இங்கே. நாலு மாசம் தாங்கினாங்க. ஒருநாள் விடியக்காலை பஸ்ஸுல குடும்பத்தோட பெங்களூர் கட்டட வேலைக்குக் கிளம்பிட்டாங்க. பிள்ளைங்க பள்ளிக்கூடம் பாதியில நின்னு போச்சு. குழுவுக்கு வரவேண்டிய 12,000 ரூபாயும் நின்னு போச்சு. அதை மத்தவங்க பங்கு போட்டுச் சுமக்க வேண்டியதாச்சு.

குழுங்கறதே சொல்லை நம்பி ஆரம்பிச்சதுதான். 1989ல் தருமபுரியில, சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தோட உதவியில, நம்ம தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் குழுக்களைத் தொடங்கின காலத்துல, பத்திரம் இல்லை, அடமானம் இல்லை. (நம்ம திருவண்ணாமலை தனி மாவட்டமா ஆனதும் அதே 1989லதான்.) 1992ல் நபார்டு 500 குழுக்களை வங்கியோட இணைக்கற சோதனைத் திட்டத்தை ஆரம்பிச்சப்போவும் அடமானம் இல்லை. சொத்து இல்லாத பொம்பளைங்களுக்கு வங்கி எதை நம்பிக் கொடுத்தது? ஒருத்தியை இன்னொருத்தி கேப்பாங்க, அந்தக் கேள்விக்குப் பயந்தாவது கட்டுவாங்கன்னு நம்பிக் கொடுத்தது. இதுல ஒரு ஆபத்து இருக்கறதை யாரும் அதிகம் பேசறது இல்லை. நிலத்தை அடமானம் வெச்சா ஜப்தி நோட்டீஸ் வரும். மானத்தை அடமானம் வெச்ச இடத்துல நாக்குதான் நோட்டீஸ். அந்த நாக்கு நம்ம வாயில இருக்கு. பக்கத்து வீட்டுக்காரி, நாத்தனார், கூடப் படிச்சவ வாயில இருக்கு. வெளியாள் திட்டினா வீட்டுக்குள்ள கதவைச் சாத்திக்கலாம். குழாயடியில தினம் பார்க்கற முகம் திட்டினா எங்கே போறது?

வெளியாளுக்குச் சட்டம் இருக்கு. இதை எல்லாரும் எழுதிக்கங்க. ரிசர்வ் வங்கி 2022 மார்ச் 14 அன்று நுண்கடன்களுக்கு விதிமுறை வெளியிட்டிருக்கு. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பங்களுக்கு அடமானம் இல்லாம வங்கியோ, பதிவு பெற்ற நிதி நிறுவனமோ கொடுக்கற கடனுக்கு அது பொருந்தும். வசூலுக்கு வர்றவங்க மிரட்டியோ அசிங்கமாவோ பேசக் கூடாது. காலை 9 மணிக்கு முன்னாடியும் மாலை 6 மணிக்குப் பிறகும் போன் பண்ணக் கூடாது. சொந்தக்காரங்களையோ கூட வேலை செய்யறவங்களையோ தொந்தரவு பண்ணக் கூடாது. பேரை வெளியில போட்டு அவமானப்படுத்தக் கூடாது. பணம் கட்டற இடம் ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணின இடம். அங்கே தொடர்ந்து ரெண்டு தடவையோ அதுக்கு மேலயோ வராம இருந்தாத்தான் வீட்டுக்கு வரலாம். கடன் அட்டை நமக்குப் புரியற மொழியில கொடுக்கணும். மீறினா முதல்ல அந்த நிறுவனத்துக்கே எழுத்துல புகார் கொடுத்து நகல் வெச்சுக்கணும். 30 நாள்ல பதில் இல்லைன்னாலோ, பதில் சரியில்லைன்னாலோ, ரிசர்வ் வங்கியோட குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். விவரம் கேக்க எண் 14448. கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல்காரங்களுக்கு 2003ல் வந்த தமிழ்நாடு அதீத வட்டி தடைச் சட்டம் இருக்கு. கெடுபிடி வசூலைத் தடுக்க 2025 ஏப்ரல்ல நம்ம சட்டமன்றத்திலயும் ஒரு மசோதா நிறைவேறியிருக்கு.

பாருங்க, ஒரு கடுஞ்சொல்லுக்கு ரிசர்வ் வங்கி மணி நேரமெல்லாம் குறிச்சு விதி போட வேண்டியிருக்கு. ஆனா குழுவுக்குள்ள நாம ஒருத்தரை ஒருத்தர் கேக்கறதுக்கு விதி எங்கே? நாமதான் போட்டுக்கணும்.

அப்போ தவணை விட்டவங்களை எப்படிக் கேக்கறது? "ஏன் கட்டலை?"ன்னு கேட்டா ஒரே பதில்தான் வரும், "இல்லை"ன்னு. "என்ன ஆச்சும்மா?"ன்னு கேட்டா மாடு வரும், ஆஸ்பத்திரி வரும், வீட்டுக்காரர் குடிச்சது வரும், உண்மை வரும். உண்மை வந்தாத்தானே வழி பார்க்க முடியும். கூட்டத்துல கேக்கறதுக்கு முன்னாடி ஊக்குநரும் பிரதிநிதியும் தனியா வீட்டுல போய்ப் பார்க்கணும். "இந்த மாசம் எவ்வளவு முடியும்?"னு அவங்க வாயாலேயே ஒரு தொகை சொல்ல வைக்கணும். அதைத் தீர்மான நோட்டுல எழுதிக் கையெழுத்து வாங்கணும். இதுல தளர்ச்சி கூடாது. கறார் வேற, கடுகடுப்பு வேற. கறாரா இருக்கறவங்க நோட்டைக் காட்டிப் பேசுவாங்க. கடுகடுப்பா இருக்கறவங்க பழசைக் கிளறிப் பேசுவாங்க, மாமியார் வரைக்கும் போவாங்க. அபராதம் போட வேண்டியிருந்தா அபராதம் போடுங்க, அதோட ஒரு வசவையும் சேர்த்துப் போடாதீங்க. வசவு வரவுல வராது.

பெங்களூர் போன குடும்பத்துக்குப் பிறகு என்ன ஆச்சுன்னு கேக்கறீங்க. அந்த ஊக்குநர் விடாம போன் பண்ணியிருக்காங்க. முதல் ரெண்டு மாசம் எடுக்கலை. மூணாவது மாசம் கடனைப் பற்றி ஒரு வார்த்தை பேசாம, "உன் பெரிய பொண்ணு பத்தாவது வராளே, பள்ளிக்கூடத்துக்கு என்ன பண்றே?"ன்னு மட்டும் கேட்டிருக்காங்க. அந்தப் பக்கம் அழுகை. பொங்கலுக்கு வந்தாங்க. கூட்டத்துல உட்கார்ந்து மாசம் 500 ரூபாய், 24 மாசம்னு எழுதிக்கிட்டாங்க. அந்தச் சொல்லைச் சொன்ன அம்மாதான் பக்கத்துல இடம் விட்டு உட்கார வெச்சாங்களாம். மன்னிப்பெல்லாம் யாரும் கேட்டுக்கலை. டீ வந்துச்சு, குடிச்சாங்க, அவ்வளவுதான்.

இதெல்லாம் கேட்டுட்டு, "பொறுமையா இரு, அடக்கமா இரு"ன்னு பிறந்த வீட்டுலயும் புகுந்த வீட்டுலயும் சொன்னதையேதான் நீங்களும் சொல்றீங்களான்னு கேக்கலாம். நியாயம். கோபப்படற ஆம்பளைக்கு "கோபக்காரர், ஆனா மனசு தங்கம்"னு சொல்ற ஊரு இது. பொம்பளை கேள்வி கேட்டா வாயாடி, ராங்கி, பஜாரி. பஜாருக்குப் போய்ப் பேரம் பேசறதாலதான் அந்தப் பேருன்னா, பால் ஊத்தப் போறவங்களும் புளி விக்கப் போறவங்களுமா இருக்கற நாம எல்லாருமே பஜாரிங்கதான், போகட்டும். கனிவுக்கு இன்னொரு பேர் வாயில்லாப் பூச்சி கிடையாது. வீட்டுல அடி வாங்கறவங்க இதமா பேசிச் சமாளிக்கணும்னு நாங்க சொல்லவே மாட்டோம். அங்கே 181க்குத்தான் போன் பண்ணணும்.

நம்ம வேங்கிக்கால்லதான் கலெக்டர் ஆபீஸ் இருக்கு. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள்ல மனு கொடுக்க வர்ற கூட்டத்தைப் பார்த்திருப்பீங்க. வெயில்ல வரிசை, கைக்குழந்தை, பசி. ஜன்னல்ல இருக்கறவர் சுள்ளுன்னு ஒண்ணு சொன்னா நமக்கும் பத்திக்கிட்டு வரும். நாமளும் கத்தினா என்ன நடக்கும்? மனு பின்னாடி போயிடும், சண்டை முன்னாடி வந்துடும். பேசாம வந்துட்டா அதுவும் நஷ்டம். வங்கியில "பேப்பர் சரியில்லை, அப்புறம் வா"ன்னா, "சார், எந்தப் பேப்பர் இல்லைன்னு ஒரு சீட்டுல எழுதிக் கொடுத்துடுங்க, கொண்டு வந்துடறோம்"னு சொல்லிப் பாருங்க. குரல் உயரவே வேண்டாம். மனு கொடுத்தா ரசீது வாங்காம நகராதீங்க. நயம்னு சொன்னோமே, அது இதுதான்.

முடிக்கறப்போ ஒரு சகோதரி எழுந்து கேட்டாங்க: "நாங்க இவ்வளவு தன்மையா கேட்டும், வேணும்னே ஏமாத்தறவங்களை என்ன பண்றது?" நல்ல கேள்வி. ஏமாத்தறவங்களும் இருக்காங்க, இல்லைன்னு சொல்ல மாட்டோம். மூணு கூட்டம் தன்மையா கேளுங்க, மூணு தடவையும் நோட்டுல ஏத்துங்க. நாலாவதுல குழு மொத்தமாத் தீர்மானம் போட்டு, சேமிப்புல கழிக்கறதா, புதுக் கடன் நிறுத்தறதான்னு முடிவு பண்ணி, ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக்கு எழுதிக் கொடுங்க. அப்போ நாங்களும் வர்றோம். அந்த மூணு பதிவும் இல்லாம, வாய்ச்சண்டை போட்டதை மட்டும் சொல்லிக்கிட்டு வந்தீங்கன்னா எங்களால ஒண்ணும் செய்ய முடியாது. யார் முதல்ல திட்டினாங்கன்னு விசாரிக்கவே அந்த நாள் போயிடும்.